சரக்கு போட்டால் வாய்க் கிருமி சாகுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஏழெட்டு வருடமாக தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி, கூடவே மூன்று நான்கு சிகரெட். காலையில் என் வாய் நாறுகிறது என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. "ஸ்பிரிட்டே கிருமிநாசினிதானே, குடிக்கிறவன் வாயில் கிருமி எங்கே இருக்கும்?" என்கிறார்கள் கூட்டாளிகள். மருந்துக்கடையில் காரமான மவுத்வாஷ் வாங்கி மூன்று மாதமாகக் கொப்பளிக்கிறேன். நாற்றம் போகவில்லை, நாக்கு எரிவதுதான் மிச்சம். பல் டாக்டரிடம் போனேன். கிளீனிங் செய்ய வேண்டும் என்று சொல்லி, மெட்ரோனிடசோல் 400 மாத்திரை ஐந்து நாளைக்கு எழுதி, "இது முடியும்வரை குடிக்கக் கூடாது" என்றார். ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. குடியை விட்டால் வாய் பழையபடி ஆகுமா? (வாசகர், கரூர்)

பதில்: உங்கள் கூட்டாளிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அந்தப் பேச்சு சாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊசி போடும் முன் தோலில் தடவும் ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும். ஆனால் அதன் வீரியம் 70 சதவீதம். 60-க்குக் கீழே போனால் கை சானிட்டைசரையே நம்ப முடியாது. அதையும் 20, 30 விநாடி தேய்த்தால்தான் வேலை செய்யும். உங்கள் பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 60 மில்லி ஊற்றி 120 மில்லி சோடா கலந்தால் அது 14 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. வாயில் நிற்பது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் எந்தக் கிருமி சாகும்? ராவாக அடித்தால் சாகுமா என்றால் அதுவும் இல்லை. கன்னத்தின் உள்தோல்தான் வெந்துபோகும்.

இன்னொரு காரணமும் உண்டு. வாய்க் கிருமிகள் தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பவை அல்ல. தண்ணீர்த் தொட்டியின் அடியில் வழவழவென்று பாசி பிடிக்குமே, அதுபோலப் பல்லின் மேலும் ஈறின் இடுக்கிலும் நாக்கின் பின்பகுதியிலும் அடுக்கடுக்காகப் படலம் கட்டி வாழ்கின்றன. தங்களைச் சுற்றிப் பசைபோல ஒன்றைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. மேலே எதை ஊற்றினாலும் மேலடுக்கு மட்டும்தான் நனையும். பாசியைத் தேய்த்துத்தானே எடுக்கிறோம்? இதுவும் அப்படித்தான்.

ஆக, குடி கிருமியைக் கொல்வதில்லை. வாயில் எந்தக் கிருமி ஓங்கி நிற்கும் என்பதைத்தான் அது மாற்றுகிறது. மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட வகை பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை தொந்தரவு இல்லாதவை, சில நமக்கு உதவவும் செய்பவை. 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1,044 பேர் வாய் கொப்பளித்துத் துப்பிய நீரை எடுத்துப் பார்த்தார்கள். குடிக்காதவர்கள் 270, அளவாகக் குடிப்பவர்கள் 614, அதிகம் குடிப்பவர்கள் 160. குடிப்பவர்கள் வாயில் லாக்டோபாசிலேல்ஸ் என்ற கூட்டம் குறைந்திருந்தது. ஆக்டினோமைசிஸ், லெப்டோட்ரிக்கியா, கார்டியோபாக்டீரியம், நைசீரியா போன்றவை கூடியிருந்தன. ஈறு நோயோடு தொடர்புள்ள சில இனங்கள் அடங்கிய பாக்டீராய்டேல்ஸ் கூட்டமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆணுக்கு "அதிகம்" என்று அவர்கள் வைத்த கோடு நாளுக்கு இரண்டு டிரிங்குக்கு மேல். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் 14 கிராம் ஆல்கஹால். உங்கள் குவார்ட்டர் 180 மில்லியில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். நீங்கள் அந்தக் கோட்டுக்கு இரண்டு மடங்கு மேலே நிற்கிறீர்கள்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டும் செய்திகளில் "நல்ல கிருமி அழிகிறது, கெட்ட கிருமி வளர்கிறது" என்று சினிமா வில்லன் கதைபோல எழுதிவிடுவார்கள். அவ்வளவு நேரானதல்ல. குறைந்துபோன கூட்டத்தில் பல்லைச் சொத்தையாக்கும் கிருமியும் இருக்கிறது. கூடிய நைசீரியா, கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை மாற்றி ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவுகிறது. தவிர, ஒரே ஒருமுறை எடுத்த மாதிரியை வைத்துக் குடிதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இதைச் சாக்காக வைத்து விற்கும் புரோபயாட்டிக் ("நல்ல கிருமி" கலந்த) மிட்டாய்களுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

அதைவிட உறுதியாகத் தெரிந்த விஷயம் வேறொன்று இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். குடித்த ஆல்கஹாலை ஈரல் இரண்டு படியாக உடைக்கிறது. முதல் படியில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. இரண்டாவது படியில் அந்த நச்சு அதிகம் தீங்கில்லாத அசிட்டேட்டாக மாறிவிடுகிறது. வாய்க் கிருமிகளும் முதல் படியை நன்றாகவே செய்கின்றன. நைசீரியா இதில் கெட்டிக்காரன். சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் கேண்டிடா என்ற பூஞ்சையும் இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் இரண்டாவது படியை முடிக்கும் சக்தி கிருமிகளுக்கும் வாயின் உள்தோலுக்கும் மிகக் குறைவு. அதனால் நச்சு எச்சிலிலேயே தேங்குகிறது. ரத்தத்தில் இருப்பதைவிட எச்சிலில் அசிட்டால்டிஹைடு 10 முதல் 100 மடங்குவரை கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை 1988-இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மதுவோடு சேர்ந்து வரும் அசிட்டால்டிஹைடையும் பிறகு அதே பிரிவில் வைத்தது.

"குடித்து முடித்ததும் வாயைக் கழுவிவிட்டால்?" என்று தோன்றும். கழுவுவது நல்லதுதான், ஆனால் போதாது. குடித்தது ரத்தத்தில் கலந்து எச்சில் சுரப்பி வழியாகத் திரும்ப வாய்க்கே வருகிறது. ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கும்வரை எச்சிலிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் தீர்க்கும். 60 கிராமுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் கடைசி மடக்கு என்றால், நீங்கள் குறட்டை விட்டுத் தூங்கும்போதும் வாய்க்குள் அந்தக் கிருமிகளுக்கு இரை போய்க்கொண்டே இருக்கிறது.

சிகரெட்டைக் கடிதத்தில் "கூடவே" என்று ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். புகையிலேயே அசிட்டால்டிஹைடு இருக்கிறது. நாட்பட்டுப் புகைப்பவர் வாயில் ஆல்கஹாலை நச்சாக்கும் கிருமிகளும் கூடுகின்றன. இரண்டும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. பாக்குப் பொட்டலமும் உண்டு என்றால் அது மூன்றாவது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

இனி நாற்றம். ராத்திரி அடிப்பது மதுவின் வாடை. அது நுரையீரலிலிருந்து மூச்சோடு வருவதால் ஏலக்காய் மென்றாலும் மறையாது. காலையில் உங்கள் மனைவி முகத்தைத் திருப்புவது பெரும்பாலும் வேறொன்றுக்காக. மது சிறுநீரை அதிகமாக வெளியேற்றி உடம்பை வறட்டிவிடுகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வழக்கமாகவே நின்றுபோகும் அளவுக்குக் குறையும். போதையில் வாயைத் திறந்து மூச்சு விடுவதால் இருக்கிற கொஞ்ச ஈரமும் காய்கிறது. எச்சில் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும் ஓடை. அது வற்றினால், காற்று புகாத இடத்தில் வாழும் கிருமிகள் நாக்கின் பின்பகுதியிலும் ஈறின் இடுக்கிலும் சாப்பாட்டுத் துணுக்கிலுள்ள புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுவைக் கிளப்புகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான்.

சைடு டிஷ் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். மிக்சர், முறுக்கு, சிப்ஸ் எல்லாம் பல்லிடுக்கில் மாவாக ஒட்டிக்கொள்ளும் பண்டங்கள். கோலா கலந்தால் சர்க்கரையும் அமிலமும் சேர்ந்துகொள்ளும். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் அதிகம். வாயின் பி.எச். 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் பி.எச். சுமார் 2.5. ஒருமுறை சாப்பிட்டால் எச்சில் அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைச் சரிக்கட்டிவிடும். நீங்கள் இரண்டு மணி நேரம் மடக்கு மடக்காகக் குடித்துக் கொறித்துவிட்டு அப்படியே படுத்தால் அந்த அவகாசமே கிடைப்பதில்லை. அவித்த முட்டை, வேர்க்கடலை, வெள்ளரிக்காய், வெறும் சோடா என்று மாற்றினால் சொத்தைக்கு நல்லது. நான் மேலே சொன்ன நச்சு இதனால் குறையாது.

அந்த மவுத்வாஷை இன்றே நிறுத்துங்கள். காரமாக எரியும் மவுத்வாஷ்களில் 20 சதவீதத்துக்கு மேல்கூட ஆல்கஹால் இருப்பதுண்டு. வாய் மேலும் வறண்டுபோகும். கொப்பளித்த சில நிமிடங்களுக்கு அதுவும் எச்சிலில் அசிட்டால்டிஹைடை உண்டாக்கும். நாக்கு எரிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நிறுத்தி ஒரு வாரமாகியும் எரிச்சல் நீடித்தால் இரண்டைப் பார்க்க வேண்டும். துடைத்தால் உரிந்துவரும் வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சை. நாக்கு வழவழவென்று சிவந்து, வாயோரம் வெடித்திருந்தால் பி வைட்டமின், ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து இவற்றில் குறைவு. தினமும் குடித்து இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவிடுபவர்களிடம் இந்தக் குறை சகஜம்.

ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈறு ஓரம் கல்லாக இறுகிப்போன காரைதான். அதைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது, கிளீனிங்தான் செய்ய வேண்டும். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். காரையால் வீங்கியிருந்த ஈறு வற்றி இறங்கும்போது பல்லிடுக்கு பளிச்சென்று தெரியும், சில நாள் கூசும். அவ்வளவுதான். ஈறு இடுக்கின் ஆழம் 3 மில்லிமீட்டர்வரை இருந்தால் சாதாரணம். 4, 5 என்று போனால் வேரோரம் ஆழமாகச் சுத்தம் செய்யச் சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் சுருங்குவதால் நோய் முற்றியும் ரத்தம் அதிகம் தெரியாது. உங்களுக்கு இவ்வளவு வருகிறதென்றால் உள்ளே வீக்கம் நிறையவே இருக்க வேண்டும்.

இன்னொரு வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. ஈரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும், தட்டணுக்களும் குறையும். லேசாக இடித்தாலே உடம்பில் கன்றிப்போகிறதா, மூக்கில் ரத்தம் வருகிறதா, ஷேவ் செய்த காயம் வெகுநேரம் கசிகிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் கிளீனிங்குக்கு முன் தட்டணு எண்ணிக்கை, ரத்த உறைவு நேரம், ஈரல் பரிசோதனை மூன்றும் எடுத்துவிடுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைப் பல் டாக்டரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். "எப்பவாவது" என்று பூசி மெழுகினால், ஒருநாள் பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்காமல் அவதிப்படப்போவது நீங்கள்தான்.

மாத்திரை விஷயம். மெட்ரோனிடசோலோடு மது சேர்ந்தால் சிலருக்கு முகம் சிவந்து, குமட்டி வாந்தி எடுத்து, தலை வெடிப்பதுபோல வலித்து, நெஞ்சு படபடக்கும். எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஆகவே ஐந்து நாளும், கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாளும் தொடாதீர்கள். ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுவிட்டுக் குடிப்பது பலரும் செய்யும் தந்திரம். காலை, மதியம் போட்ட மருந்து அப்போதும் ரத்தத்தில் இருக்கும். ஒரு வேளை விடுபட்டதால் கிருமியும் முழுதாக ஒடுங்காது. வலிக்கு டைக்ளோஃபினாக் வகை எழுதியிருந்தால் குடியோடு சேர்ந்து இரைப்பையில் ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் என்றால் தினமும் குடிப்பவர் நாளுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. 500 மாத்திரை நான்கு, அதற்கு மேல் வேண்டாம்.

கிளீனிங் முடிந்ததும் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை, ஆல்கஹால் கலக்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். காலையும் இரவும் 10 மில்லி, ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் தேய்த்து அரைமணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். இரண்டு வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மங்கும், ரத்த அழுத்தத்துக்கு உதவும் கிருமிகளும் போய்விடும். ஃபின்லாந்தில் நடந்த ஒரு சோதனையில் மூன்று நாள் இதைக் கொப்பளித்தவர்களுக்குக் குடித்தபின் எச்சிலில் வரும் அசிட்டால்டிஹைடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கிருமிகள்தான் அதை உண்டாக்குகின்றன என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. கொப்பளித்துக்கொண்டே குடிக்கலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு அல்ல, மீதிப் பாதி அங்கேயேதான் இருக்கிறது.

பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். குச்சங்கள் பாதி பல்லிலும் பாதி ஈறோரத்திலும் படும்படி சாய்த்துப் பிடித்து, சிறு சிறு அசைவாக இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அங்கேதான் படலம் அதிகம். ஃபுளோரைடு 1000 பிபிஎம்மாவது உள்ள பேஸ்ட் வாங்குங்கள், நுரையைத் துப்பிவிட்டு வாயைக் கழுவாமல் விடுங்கள். பல்லிடுக்குக்குத் தனியாகச் சின்ன பிரஷ் கிடைக்கிறது, ராத்திரி ஒருமுறை போதும். நாக்கு வழிப்பானை முடிந்தவரை பின்னாலிருந்து முன்னே இழுங்கள். குடித்த ராத்திரியானாலும் இவற்றைச் செய்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். வாந்தி எடுத்த ராத்திரி மட்டும் விதிவிலக்கு. இரைப்பை அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும், உடனே பிரஷ் போட்டால் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

குடியை விட்டால் வாய் பழையபடி ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். இடத்துக்கு இடம் பதில் மாறும். எச்சிலில் மதுவால் வரும் நச்சு, குடிக்காத முதல் நாளே நின்றுவிடும். வறட்சி சில நாளில் சரியாகும். ஈறு வீக்கம் நீங்கள் நினைப்பதைவிட வேகமாக வடியும். 1965-இல் டென்மார்க்கில் நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனபோது வடிந்துவிட்டது. ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துபோயிருந்தால் அது தானாகத் திரும்ப வளராது. இருப்பதைக் காப்பாற்றலாம். வாய்ப் புற்றுநோய் ஆபத்து குடியை விட்டால் குறைகிறது என்று அதே சர்வதேச முகமை 2023-இல் சான்றுகளைத் தொகுத்து உறுதிப்படுத்தியது. அதற்கு வருடங்கள் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, அல்லது முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறது என்றால் மாத்திரைக்காகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் ஆபத்தான மனக்குழப்பமும் வரக்கூடும். அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்தோடு நிறுத்தலாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம், கட்டணம் இல்லை. அப்படி இருந்தால் மெட்ரோனிடசோலுக்குப் பதில் வேறு மருந்து தர முடியுமா என்று பல் டாக்டரிடம் கேளுங்கள். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், அவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் நாக்கைத் துணியால் பிடித்து இருபக்க ஓரத்தையும், நாக்கை மேலே தூக்கி அதன் அடித்தளத்தையும் பாருங்கள். எச்சில் குளம் கட்டி நிற்பது அங்கேதான். வலிக்காத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விரலுக்குக் கெட்டியாகப் படும் இடம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் எது தெரிந்தாலும் களிம்பு தடவிக் காத்திருக்காமல் அந்த வாரமே அரசு பல் மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ காட்டிவிடுங்கள்.